வில்லோடு மீன்பிடிக்கப் போவது: குமரி மாவட்டத்துக்கு வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்து நண்பர்கள் சிலர் லீவு நாட்களில் வில்லையும் தூண்டிலையும் தூக்கிக்கொண்டு குளத்துக்கும் ஆற்றுக்கும் போகிறோம். எங்கள் வீடியோவைப் பார்த்துவிட்டு “நானும் வரலாமா?” என்று கேட்பவர்கள் இப்போது நிறைய. ஒவ்வொருவருக்கும் போனில் பதில் சொல்லி முடியவில்லை. அதனால் இங்கே எழுதி வைத்திருக்கிறோம். வருவதற்கு முன் முழுக்கப் படித்துவிடுங்கள்.

அம்பு விட்டால் தண்ணீரோடு போய்விடாதா?

போகாது. அம்பில் கயிறு கட்டியிருக்கும், கயிறு வில்லில் பொருத்திய ரீலில் சுற்றியிருக்கும். பட்டாலும் படாவிட்டாலும் இழுத்து எடுத்துக்கொள்ளலாம்.

இந்த அம்பு போட்டியில் எய்கிற அம்பைப் போல இருக்காது. கனமான ஃபைபர் கிளாஸ் தண்டு. பின்னால் இறகு கிடையாது. காற்றில் நேராகப் போக உதவும் இறகு தண்ணீருக்குள் இழுவையைத்தான் கூட்டும். முனையில் இரண்டு மூன்று முட்கள் பின்பக்கம் விரிந்து நிற்கும். மீனுக்குள் போனால் உருவிக்கொண்டு வராது. எடுக்கும்போது முனையைத் திருகினால் முட்கள் மறுபக்கம் மடங்கும், அம்பு கழன்றுவிடும்.

இது அமெரிக்காக்காரர்கள் விளையாட்டு அல்லவா? நம் ஊருக்கு எதற்கு?

அந்த ரீலும் அம்பும் அங்கிருந்து வந்தவைதான். அங்கே ஏரிகளில் பெருகிவிட்ட கெண்டை மீன்களை இப்படி அடிப்பது பெரிய பொழுதுபோக்கு. ஆனால் மீனை எய்து பிடிப்பது இங்கே புதிதல்ல. அந்தமானில் ஜாரவா, ஓங்கே மக்கள் வில்லால்தான் மீன் அடிக்கிறார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளத்து வயல்களில் தெற்றாலி என்று ஒன்று உண்டு. கட்டையில் வில்லைக் குறுக்காகப் பூட்டி, விசையைத் தட்டினால் அம்பு பாயும். விரால் அடிக்க அதை வைத்திருந்த கிழவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இப்போது பையன்கள் கையில் அதிகம் பார்ப்பது ரப்பர் கவண். அதிலேயே ரீலும் அம்பு வைக்கும் துளையும் இருக்கும். ஆன்லைனில் ஆர்டர் போட்டால் வீட்டுக்கே வந்துவிடுகிறது.

வில் வாங்கவா, கவண் வாங்கவா?

முதலில் எதையும் வாங்காதீர்கள். எங்களோடு வந்து, இருக்கிறதை வைத்து எய்து பாருங்கள்.

அதற்குப் பிறகும் ஆசை போகவில்லை என்றால், நாணை இழுக்க 30 முதல் 40 பவுண்டு விசை கேட்கும் சாதாரண ரிகர்வ் வில் (முனைகள் முன்பக்கம் வளைந்தது) போதும். கப்பி வைத்த காம்பவுண்ட் வில் விலையும் அதிகம், இந்த வேலைக்கு அவ்வளவாக ஒத்துவருவதும் இல்லை. மீன் தெரிகிற அந்த ஒரு நொடியில் பாதி இழுத்து விட வேண்டியிருக்கும்; ரிகர்வில் அது முடியும். கவணில் ஒரு தொல்லை, ரப்பர். வெயிலும் உப்புக்காற்றும் பட்டால் நுண்ணிய வெடிப்பு விழும். இழுத்துப் பிடித்திருக்கும்போது அறுந்தால் நேராக முகத்துக்குத்தான் வரும். எங்கள் கூட்டத்தில் கவண் எடுப்பவர் கண்ணாடி போடாவிட்டால் கரையில்தான் உட்கார வேண்டும்.

எந்த மீனை அடிக்கலாம்?

எங்கள் பதில் கொஞ்சம் கறாரானது. தூண்டிலில் தப்பான மீன் மாட்டினால் திரும்ப விட்டுவிடலாம். அம்பு பட்டதை விட முடியாது. எனவே இன்ன மீன் என்று உறுதியாகத் தெரியாமல் விரலை எடுக்கக் கூடாது. “ஏதோ பெரிசா அசைஞ்சுது மக்கா” என்று சொல்லி எய்தவருக்கு அன்றைக்கு மறு அம்பு கிடையாது.

நாங்கள் அடிப்பது பெரும்பாலும் இரண்டு. ஒன்று ஜிலேபி, இந்தப் பக்கத்தில் சிலேபி என்றும் சொல்வார்கள். 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மீன். இன்று அது இல்லாத குளமே இல்லை. தாய் மீன் முட்டைகளை வாய்க்குள் வைத்துப் பொரிக்கும், அதனால் குஞ்சுகள் அதிகம் சாவதில்லை. ஒரு குளத்தில் நுழைந்தால் மற்ற மீன்களுக்குத் தீனி மிஞ்சாது. இரண்டாவது ஆப்பிரிக்கக் கெளுத்தி. இதை வளர்க்க மத்திய அரசு 2000-லேயே தடை போட்டது. ஆனாலும் தப்பிப் போனவை வாய்க்காலிலும் ஓடையிலும் கிடந்து பெருத்துவிட்டன. தவளை, மீன்குஞ்சு, செத்தது, அழுகியது என்று எதையும் விடாது.

ஜிலேபியைத் தேடுவது எளிது. கோடையில் குளம் வற்றும்போது கரையோரம் முழங்கால் ஆழத்தில் பாருங்கள். வட்டவட்டமாகச் சேறு விலக்கிய குழிகள் வரிசையாக இருக்கும், ஒவ்வொன்றும் சாப்பாட்டுத் தட்டு அளவு. அது ஆண் மீன் வாயால் மண் அள்ளித் துப்பிச் செய்த இடம். நடுவில் கறுத்துப் போன ஆண் ஒன்று நிற்கும். நிழல் பட்டால் ஓடும். அசையாமல் நின்றால், எண்ணி முடிப்பதற்குள் அதே குழிக்குத் திரும்பி வரும்.

அடிக்கவே கூடாதது, குஞ்சோடு நிற்கும் விரால். தண்ணீர் மேல் சிவப்புப் பொடி தூவியது போல ஒரு கூட்டம் கொப்பளித்துக்கொண்டு நகரும். அது விரால் குஞ்சு. அதற்கு அடியிலேயே தாயும் தகப்பனும் நிற்கும். அடிப்பதற்கு இதைவிட வசதியாக மீன் நிற்காது, அதனால்தான் பலருக்குக் கை ஊறும். பெரியதை எடுத்துவிட்டால் அந்தக் குஞ்சு மொத்தமும் கெளுத்திக்கும் கொக்குக்கும்தான்.

கரிமீனையும் நாங்கள் தொடுவதில்லை. அதுவும் ஜோடியாகக் குஞ்சு காக்கும் மீன். அதுபோக, வீச்சுவலைக்காரர்களுக்கு அன்றாடக் கூலி அதில்தான் இருக்கிறது. பொழுதுபோக்க வந்தவர்கள் அதில் கை வைத்தால் நன்றாகவா இருக்கும்?

எந்த இடங்களுக்குப் போகிறீர்கள்?

பெரும்பாலும் குளங்களுக்கு. இந்த மாவட்டத்தில் நடந்து போகிற தூரத்துக்கு ஒரு குளம் உண்டு. அதுபோகச் செங்கல் சூளைக்கு மண் எடுத்த பள்ளங்கள், தென்னந்தோப்புக்குள் இருக்கும் சொந்தக் குட்டைகள். மீன் வளர்க்கிற குட்டைக்காரர்கள் சிலர் அவர்களாகவே கூப்பிடுவார்கள். கட்லா, ரோகு குஞ்சு விட்டிருக்கும் இடத்தில் ஆப்பிரிக்கக் கெளுத்தி புகுந்துவிட்டால் போட்ட காசு அதன் வயிற்றுக்குப் போகும். “எல்லாத்தையும் அடிச்சு எடுத்துட்டுப் போங்கப்பா” என்பார்கள். அந்தக் குட்டையில் விரால் இருந்தால் மட்டும் “அது கிடக்கட்டும்” என்று சொல்லிவிடுவார்கள். விராலுக்குச் சந்தையில் என்ன விலை என்று அவர்களுக்குத் தெரியும்!

ஆறு என்றால் தாமிரபரணி. திருநெல்வேலித் தாமிரபரணி அல்ல, குழித்துறை வழியாக ஓடுவது. கோதையாறும் பரளியாறும் மூவாற்றுமுகத்தில் சேர்ந்து, தேங்காய்ப்பட்டணத்தில் கடலில் விழுகிறது. பார்க்க அமைதியாக இருக்கும். ஆனால் மணல் அள்ளிய குழிகள் அடியில் இருக்கின்றன; முழங்கால் தண்ணீரில் நடந்துகொண்டிருப்பவர் அடுத்த எட்டில் தலைக்கு மேல் போய்விடுவார். அந்த இடம் தெரிந்த உள்ளூர்க்காரர் ஒருவர் முன்னால் நடக்காமல் நாங்கள் ஆற்றில் இறங்குவதில்லை. குளிக்கிற கடவு கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் வில்லைப் பையை விட்டு எடுப்பதே இல்லை. ஆடி அமாவாசை, வாவுபலி (முன்னோருக்குப் பலி கொடுக்கும் சடங்கு) நாட்களில் குழித்துறைப் பக்கம் வேண்டவே வேண்டாம்.

பழையாறு நாகர்கோவிலைத் தாண்டிய பிறகு ஊர்ச் சாக்கடையைச் சுமந்து வருகிறது. அங்கே பிடித்ததை நாங்கள் வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை. சாப்பிடாத மீனை எதற்கு அடிப்பது? எனவே போவதில்லை.

போகக் கூடாத இடங்கள்?

பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளும் அவற்றுக்கு மேலே உள்ள காடும். அந்த மலைப்பகுதி கன்னியாகுமரி வனவிலங்குச் சரணாலயம். 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி இல்லாமல் ஆயுதத்தோடு சரணாலயத்துக்குள் நுழைவதே குற்றம். மீன் அடித்தீர்களா இல்லையா என்பது அப்புறம். வண்டி டிக்கியில் வில்லை வைத்துக்கொண்டு “சும்மா காளிகேசம் பார்க்க வந்தோம்” என்று சொல்லி மாட்டிக்கொள்ள வேண்டாம்.

அடுத்து சுசீந்திரம், தேரூர், மணக்குடி நீர்நிலைகள், பிறகு வேம்பனூர்க் குளம். சுசீந்திரம் தேரூரும் வேம்பனூரும் 2022-ல் ராம்சர் என்னும் சர்வதேசச் சதுப்புநிலப் பட்டியலில் சேர்ந்தவை. மழை முடிந்து பங்குனி வரைக்கும் வலசைப் பறவைகள் வந்து கிடக்கும். மணக்குடிப் பொழியில் (ஆறு கடலில் சேரும் முகத்துவாரம்) அலையாத்திப் பக்கம் மீன் நன்றாகவே தெரியும். தெரியட்டும், பார்த்துவிட்டு வாருங்கள்.

ஊர்க் குளம்தானே, யாரிடம் கேட்க வேண்டும்?

பலர் தடுக்கி விழுகிற இடம் இதுதான். குளத்துத் தண்ணீர் பொது, மீன் பொது அல்ல. நீர்வளத்துறைக் குளமானாலும் பஞ்சாயத்துக் குளமானாலும் மீன்பாசி குத்தகை என்று ஏலம் விடுவார்கள். ஏலம் எடுத்தவர் காசு போட்டுக் குஞ்சு விட்டிருப்பார். அவரைக் கேட்காமல் ஒரு ஜிலேபியை எடுத்தாலும் அவர் கண்ணுக்கு அது திருட்டுதான்.

எங்கள் வழக்கம் இது: முந்தின வாரமே யாராவது ஒருவர் பைக்கில் போய், குளத்தங்கரை டீக்கடையில் குத்தகைக்காரர் யார் என்று விசாரிப்போம். நேரில் பார்த்து, “அண்ணாச்சி, ஞாயிற்றுக்கிழமை காலையில ஜிலேபியும் ஆப்பிரிக்கனும் மட்டும் அடிச்சுக்கிடுதோம், வேற எதையும் தொடமாட்டோம்” என்று சொல்லுவோம். வில்லையும் அம்பையும் காட்டுவோம். பெரும்பாலும் சரி என்பார். சிலர் தாங்களும் வந்து கரையில் உட்கார்ந்துகொள்வார்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான், அங்கே பேரம் பேசுவதில்லை.

அந்த ஊர்க் காவல் நிலையத்திலும் ஒரு வார்த்தை சொல்லிவிடுவோம். கையில் வில்லும் முள் அம்புமாக நாலு பேர் காலையில் குளத்தங்கரையில் நின்றால் யாராவது போன் போடத்தான் செய்வார்கள்.

வெடி, விஷம், கரண்ட் பற்றிப் பேசுகிறவர்களை அப்போதே திருப்பி அனுப்பிவிடுவோம். வெடியும் விஷமும் 1897-ன் மீன்வளச் சட்டத்திலேயே குற்றம்.

மீன் மேல்தான் குறி வைத்தேன். அம்பு ஏன் மேலே போகிறது?

மீன் அங்கே இல்லை, அதனால்தான். தண்ணீருக்குள் இருந்து வரும் ஒளி வெளியே வரும்போது வளைகிறது. நம் கண் அது நேர்கோட்டில் வந்ததாக எடுத்துக்கொள்வதால், மீன் இருக்கிற இடத்துக்கு மேலே தெரியும். நேர் மேலே நின்று குனிந்து பார்த்தாலே ஆழம் முக்கால் பங்காகத்தான் தெரியும்: 4 அடியில் கிடப்பது 3 அடியில் இருப்பது போல. சாய்வாகப் பார்க்கப் பார்க்க இந்த ஏமாற்று கூடும். அம்போ ஏறக்குறைய நேராகவே தண்ணீருக்குள் போகும். எனவே தெரிகிற மீனுக்குக் கீழே குறி வைக்க வேண்டும்.

எவ்வளவு கீழே? கைக்கணக்கு ஒன்று உண்டு. 10 அடி தூரத்தில் 1 அடி ஆழத்தில் மீன் இருந்தால் 4 அங்குலம் கீழே. தூரம் இரட்டித்தால் 8 அங்குலம். ஆழம் இரட்டித்தாலும் 8. இதை மனப்பாடம் செய்து வந்தவர்கள் கூட முதல் நாள் முழுக்க மேலேயேதான் அடிப்பார்கள், ஏனென்றால் மீனைப் பார்த்ததும் கை தானாக மீனுக்குப் போகும். ஒரு வழி சொல்கிறோம்: காலி தேங்காய்ச் சிரட்டையில் கல்லைக் கட்டி, அடி தெரிகிற இடத்தில் போட்டு எய்து பழகுங்கள். சிரட்டை ஓடாது, அதனால் அவசரம் வராது. அம்பு எங்கே குத்தி நிற்கிறது என்பதையும் பார்க்கலாம்.

மூன்று நான்கு அடி ஆழத்துக்குக் கீழே முயற்சியே வேண்டாம். தண்ணீர் அம்பின் வேகத்தைத் தின்றுவிடும். மீன் காயத்தோடு தப்பிப் போகும். காயத்தோடு போய்ச் சேற்றில் சாகும் மீனால் யாருக்கும் பயனில்லை.

போலராய்டு கண்ணாடி கட்டாயம். அது இல்லாமல் வந்தால் தண்ணீரில் வானத்தைத்தான் பார்ப்பீர்கள்.

எந்த மாதம் நல்லது?

குமரிக்கு ஆனி ஆடிச் சாரலும் உண்டு, ஐப்பசி கார்த்திகை மழையும் உண்டு. இரண்டிலும் தண்ணீர் கலங்கிக் கிடக்கும், மீன் தெரியாது. கோதையாறு பாசனத்துக்கு ஜூன் தொடக்கத்தில் திறக்கும் தண்ணீரை வழக்கமாகப் பிப்ரவரிக் கடைசியில் அடைப்பார்கள். அதற்குப் பிறகு வாய்க்கால் காய்ந்து, குளம் இறங்கி, தெளிய ஆரம்பிக்கும். மாசி பாதியிலிருந்து சித்திரைக் கடைசி வரை எங்களுக்குச் சீசன்.

நேரம் என்றால் காலை எட்டு முதல் பதினொன்று. தூண்டில்காரர்களுக்கு விடியற்காலை பிடிக்கும். வில்லுக்கு வெளிச்சம் மேலேயிருந்து விழ வேண்டும். சூரியன் முதுகுப் பக்கம் இருந்தால் உங்கள் நிழல் மீன் மேல் விழும், பக்கவாட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

ராத்திரி லைட் அடித்துப் போவதாகச் சொல்கிறார்களே?

வெளிநாட்டில் படகில் விளக்குக் கட்டிப் போவார்கள். இங்கே நாங்கள் போவதில்லை. குளத்தங்கரையில் இரவில் பாம்பு, தவளைக்கு வந்தவர், வெளிக்கு வந்தவர், யார் வேண்டுமானாலும் இருப்பார்கள்.

கடலில் அடிக்கலாமா? பாறையில் நின்று எய்தால் பெரிய மீன் கிடைக்குமே?

இதைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள். எங்கள் பதில்: கடலுக்கு வில்லைக் கொண்டு வராதீர்கள், தூண்டில் கொண்டு வாருங்கள்.

முட்டம், கடியப்பட்டணம், குறும்பனை, இனயம் என்று பாறைக் கரை முழுக்கச் சிப்பி எடுப்பவர்கள் முங்குவார்கள். பாறையோரத்தில் தலை எங்கே எழும்பும் என்று சொல்ல முடியாது. முள் அம்பு கல்லில் பட்டால் எந்தப் பக்கம் தெறிக்கும் என்றும் சொல்ல முடியாது. இந்த இரண்டும் ஒரே இடத்தில் இருக்கும்போது பெரிய மீன் கிடைக்குமா என்ற கேள்விக்கே வேலையில்லை. அதுபோக அலை ஆடும் தண்ணீரில் மேலே சொன்ன கணக்கு எதுவும் நிற்காது. மங்கலாக ஒரு அகலமான நிழல் தெரிந்தால் அது திருக்கையா, ஆமையா? சுறா, திருக்கை இனங்களில் பலவும் கடலாமை எல்லாமும் வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கின்றன.

தூண்டில் போட எங்களுக்குப் பிடித்த இடம் தூண்டில் வளைவுகள். கடலரிப்பைத் தடுக்கக் கல்லைக் கொட்டிக் கடலுக்குள் வளைத்துப் போட்டிருக்கிறார்களே, அவைதான். நுனியில் நின்றால் நீரோட்டம் திரும்பும் இடம் கைக்கு எட்டும். பாரை, சீலா வரும். பொழி திறந்திருக்கும் நாட்களில் கொடுவாவும் செம்பல்லியும் வாய்முகத்துக்கு வரும். கல்லில் பாசி வழுக்கும், செருப்போடு ஏறாதீர்கள். கரமடி (கரையிலிருந்து இழுக்கும் பெரிய வலை) இழுக்கிற நேரத்தில் அந்தக் கரையில் தூண்டில் வீசக் கூடாது. வலை கரையேறி, அவர்கள் பங்கு பிரித்துப் போகட்டும், அப்புறம் வீசுங்கள்.

மீன்பிடித் தடைக்காலத்தில் போகலாமா?

குமரிக்கு இரண்டு தடைக்காலம். கிழக்குக் கடற்கரைக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, அது சின்னமுட்டம் பக்கம். மேற்குக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை, அது குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம். இவை விசைப்படகுகளுக்கானவை, கரையில் நிற்கும் தூண்டிலுக்கு அல்ல. ஆனால் மேற்குத் தடைக்காலத்தில் கடல் இருக்கிற கோலத்துக்கு, சட்டம் இல்லாவிட்டாலும் கல் மேல் ஏறத் தோன்றாது.

கள்ளக்கடல் என்கிறார்களே, அது என்ன?

காற்றில்லை, மழையில்லை, வானம் வெளிச்சமாக இருக்கிறது. திடீரென்று கடல் உயர்ந்து கரைக்கு ஏறுகிறது. தெற்கு இந்தியப் பெருங்கடலில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் அடித்த புயலில் எழுந்த பெருவீச்சலை நாட்கணக்கில் ஓடி இங்கே வந்து சேர்வது அது. கள்ளன் போல வருவதால் கடற்கரையில் அந்தப் பேர். 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் 5 மருத்துவ மாணவர்களை அலை கொண்டுபோன நாளில் இந்த எச்சரிக்கை அமலில் இருந்தது.

ஹைதராபாத்தில் இருக்கும் கடல் தகவல் மையமான இன்காய்ஸ் முன்கூட்டியே எச்சரிக்கை கொடுக்கிறது, செய்தியிலும் வரும். எச்சரிக்கை இருந்தால் நாங்கள் கடலுக்குப் போகும் திட்டத்தைக் குளத்துக்கு மாற்றிவிடுவோம். எச்சரிக்கை இல்லாத நாளிலும் கரைக்காரர் ஒருவர் “இண்ணைக்கு நிக்காதீங்க” என்றால் ஏன் என்று கேட்காமல் இறங்கிவிடுங்கள்.

ஒரு கூட்டத்துக்கு எத்தனை பேர்?

நாலு பேர், ஒரு வில். அதற்கு மேல் கூட்டம் சேர்ந்தால் சத்தம் கூடும், மீன் கிடைக்காது. இரண்டு வில் வந்தால் குளத்தின் எதிரெதிர்க் கரையில் நிற்கவே கூடாது. ஒரே கரையில், ஒரே திசை பார்த்து.

எய்பவருக்குப் பின்னால் ஒருவர் நிற்பார், அவர் வேலை கயிற்றைப் பார்ப்பது. அம்பின் கயிறு நாணிலோ, சட்டைப் பித்தானிலோ, கைக்கடிகாரத்திலோ சிக்கியிருக்கும்போது எய்தால், பாதி வழி போன அம்பு சுண்டித் திரும்பி எய்தவர் முகத்துக்கே வரும். இந்த விளையாட்டில் பெரிய காயங்கள் இப்படித்தான் நடக்கின்றன. அம்பில் கயிறு கட்டும் வளையம் நகரும் வகையாக இருந்தால் கயிறு எப்போதும் வில்லுக்கு முன்பக்கமே நிற்கும். பழைய முறையில் அம்பின் வாலில் ஓட்டை போட்டுக் கட்டியதைக் கொண்டு வந்தால் நாங்கள் எய்ய விடமாட்டோம். பின்னால் நிற்பவர் “சரி” என்று சொன்ன பிறகுதான் இழுக்க வேண்டும்.

இன்னொன்று, தாழ்வாக எய்யக் கூடாது. தண்ணீர் மேல் சாய்வாகப் பட்ட அம்பு தவளைக்கல் போலத் தத்தி அக்கரைக்குப் போகும். காலடியிலிருந்து கொஞ்ச தூரத்துக்குள், கீழ்நோக்கி மட்டும்.

கெளுத்தி முள்ளோ திருக்கை முள்ளோ குத்தினால்?

பொறுக்கிற அளவுக்குச் சுடுதண்ணீரில் குத்திய இடத்தை அரை மணி நேரத்துக்குக் குறையாமல் வைத்திருங்கள். இந்த விஷம் சூட்டில் முறியும், வலி இறங்குவது தெரியும். அதற்காகவே பிளாஸ்க்கில் வெந்நீர் கொண்டு போகிறோம், டீக்கும் ஆகும். திருக்கை முள் ஒடிந்து உள்ளே நின்றாலோ, வயிறு, நெஞ்சுப் பக்கம் குத்தினாலோ அதைப் பிடுங்காமல் 108-க்குக் கூப்பிடுங்கள். காலில் புண் இருப்பவர்கள் குளத்தில் இறங்க வேண்டாம். எலிக்காய்ச்சல் அந்த வழியாக வரலாம். இறங்கியவருக்கு ஒரு வாரம் பத்து நாளில் காய்ச்சல் வந்தால், குளத்தில் நின்றதை டாக்டரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும்.

சரக்கு?

வில் பைக்குள் போய், பை வண்டிக்குள் போய், வண்டி வீட்டுக்கு வந்த பிறகு.

பிடித்த மீனை என்ன செய்வீர்கள்?

குத்தகைக்காரருக்கு அவர் கேட்டது முதலில். மீதி வந்தவர்களுக்குச் சமமாக. எய்தவருக்குத் தனிப் பங்கு கிடையாது. விற்பதில்லை.

அம்பு பட்ட மீனை அப்போதே குடல் எடுத்து ஐஸில் போட வேண்டும். கிழிந்த இடத்தில் சீக்கிரம் கெடும். குளத்து ஜிலேபியில் சேற்று நாற்றம் அடிக்கும் என்று பலர் முகம் சுளிப்பார்கள். அது உண்மைதான், தோலோடு சமைத்தால் அடிக்கும். தோலை உரித்து, கல்லுப்பும் புளித்தண்ணீரும் போட்டுப் பிசறி அரை மணி நேரம் வைத்துக் கழுவிவிடுங்கள். பிறகு தேங்காய், மிளகாய், மல்லி அரைத்துப் புளிமுளம் வைத்தால் குளமா கடலா என்று யாரும் கேட்கமாட்டார்கள். மரச்சீனிக்கிழங்கு (மரவள்ளி) அவித்தது பக்கத்தில் இருக்க வேண்டும். ஆப்பிரிக்கக் கெளுத்தியைச் சாக்கடை கலக்காத இடத்தில் பிடித்தால் மட்டும் எடுப்போம், அதுவும் பொரிக்க. எங்களில் பாதிப் பேர் அதைத் தொடமாட்டார்கள்; அவர்கள் பங்கு மீதிப் பேருக்கு.

பிள்ளைகளைக் கூட்டி வரலாமா?

தூண்டில் நாளுக்குத் தாராளமாக. வில் நாளுக்குப் பதினாறு வயதுக்கு மேல், அப்பாவோ அம்மாவோ கூட வர வேண்டும். எந்த வயதானாலும் ஆற்றிலும் கல் மேலும் லைஃப் ஜாக்கெட் போட வேண்டும். நீச்சல் தெரியும் என்று வாதாட வேண்டாம்.

வெளியூரிலிருந்து வருகிறேன். வில்லை பஸ்ஸில் கொண்டு வரலாமா?

வில்லைக் கழற்றி, நாணை அவிழ்த்து, பையில் போட்டு வாருங்கள். அம்பு முனைகளைத் தனியே கழற்றி டப்பாவில் அடைக்க வேண்டும், கண்டக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அதைவிட நல்லது வெறுங்கையோடு நாகர்கோவில் வடசேரி பஸ் ஸ்டாண்டில் இறங்குவது. எங்களிடம் இருக்கும் வில் போதும். போலராய்டு கண்ணாடி, தொப்பி, நனைந்தாலும் பரவாயில்லாத ஷூ, மாற்றுத்துணி, இவற்றை மட்டும் மறக்காதீர்கள். காலைச் சாப்பாடு ஏழு மணிக்குள் முடிந்துவிடும், பிந்தி வந்தால் புட்டு இருக்காது.